‘பார்க்கலாம்’ என்பதற்கு என்ன பொருள்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், எங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆன கணித ஆசிரியை ஒருவர், சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் விண்ணப்பத்தை மடிப்புக் கலையாமல் என் மேசையில் வைத்தார். ஜாமீன்தாரர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி ஒன்று போட்டிருந்தது. நான் எங்கே கையொப்பமிட வேண்டும் என்பதை அவர் முன்பே முடிவு செய்துவிட்டார் என்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது ஆண்டுகளாக எங்கள் ஆசிரியர் அறையில் அந்தக் குறி அப்படித்தான் போடப்படுகிறது. “மாட்டேம்மா. ஜாமீன் கையெழுத்து மட்டும் யாருக்கும் போடுறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கேன்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்க முடியாத அளவுக்கு என் விரல்கள் நடுங்கின. ஐம்பத்தொரு வயதில், ஐந்தாறு சொற்களைச் சொன்னதற்காக ஒருத்திக்குக் கை நடுங்குமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

ஒரு கையொப்பம்

அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. சங்கத்தில் கடன் வாங்க வேண்டுமானால் சக ஊழியர் ஒருவரோ இருவரோ ஜாமீன் நிற்க வேண்டும்; தவணை சம்பளத்திலேயே பிடிக்கப்படும்; ஆகவே கடன் திரும்பாமல் போகாது என்று எல்லோரும் நம்புவோம். கடன் வாங்கியவருக்குச் சம்பளமே வராத ஒரு நாள் வரக்கூடும் என்பதை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

2016இல், என்னைவிட எட்டு வயது மூத்த சக ஆசிரியர் ஒருவருக்கு நான் கையொப்பமிட்டேன். அவர் கெட்டவர் அல்லர். என் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் இரு சக்கர வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர். விண்ணப்பத்தை நீட்டியபோது, “சும்மா ஒரு கையெழுத்துதான் டீச்சர்” என்றார். அந்த ‘சும்மா’வை நான் அப்படியே நம்பினேன்; எதிர்ப்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் கையொப்பமிட்டிருப்பேன் என்பதுதான் உண்மை. அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்புவதே அவரை அவமதிப்பதாக எனக்குப் பட்டிருக்கும்.

அவர் மனை விற்பனையில் பணத்தைப் போட்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. முதலில் மருத்துவ விடுப்பு, பிறகு சம்பளமில்லா விடுப்பு, பிறகு கைபேசி அணைந்தே கிடந்தது. 2018 நவம்பரில் என் சம்பளப் பட்டியலில் 6,500 ரூபாய் குறைந்திருந்தது. கணக்கில் ஏதோ தவறு என்று எண்ணி அலுவலக உதவியாளரிடம் போய் நின்றபோது அவர் தலையை நிமிர்த்தாமலே, “நீங்கதானே டீச்சர் ஜாமீன்?” என்றார். 29 மாதங்கள், 2021 மார்ச் வரை அந்தப் பிடித்தம் தொடர்ந்தது. மொத்தம் 1,88,500 ரூபாய். 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி அகவிலைப்படி உயர்வும் ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பும் நிறுத்தி வைக்கப்பட்ட காலத்திலும், அந்த 6,500 மட்டும் ஒரு மாதமும் தவறாமல் போயிற்று. “மாட்டேன்னு சொல்லாததால மாட்டிக்கிட்டீங்க” என்று எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒருமுறை சொன்னபோது ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. ‘முதலில் அவரைப் பிடியுங்கள், முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்’ என்று சொல்லும் உரிமைகூட நமக்கு இல்லை. பேங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. கடன் வாங்கியவரிடம் எல்லா வழிகளையும் முயன்ற பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றால், ஜாமீன் வாங்குவதன் நோக்கமே கெட்டுப்போகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம் அது. கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற 140, 145ஆம் பிரிவுகள் உரிமை தருகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் என் மகனை வண்டியில் வைத்து ஓட்டிப்போனவர் மீது வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அது பெருந்தன்மை என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு.

சட்டத் தமிழில் ஜாமீனைப் பிணை என்கிறோம். பிணை என்றால் கட்டு. பழந்தமிழில் பெண்மானுக்கும் அதுதான் பெயர். தமிழாசிரியையான எனக்கு இரண்டு பொருளும் தெரிந்திருந்தும் ஒன்றும் உதவவில்லை.

சின்ன யானை

இந்த அனுபவத்தோடு நான் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். உண்மையில் அப்படி நடக்கவில்லை. பட்ட பிறகு நான் கற்றது மறுக்க அல்ல, நழுவ. யாராவது விண்ணப்பத்தோடு வருவதைக் கண்டால் விடைத்தாள் கட்டை இழுத்துத் திருத்தத் தொடங்குவேன். “அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்பேன். எங்கள் பள்ளியின் ஆண் ஆசிரியர்களும் “வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும்” என்றுதான் சொல்வார்கள். எதிரில் இல்லாத கணவன் மீதோ மனைவி மீதோ மறுப்பை ஏற்றிவிட்டு எல்லோரும் நல்லவர்களாகவே இருந்துவந்தோம். தன்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படாமலே ஊரில் நான்கைந்து குடும்பங்களுக்குத் தான் கருமியாகிவிட்டதை என் கணவர் ஒரு கல்யாண வீட்டில்தான் தெரிந்துகொண்டார். அதற்கும் மேலே, எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் திறவுகோலாக என்னிடம் ஒரு சொல் இருந்தது: பார்க்கலாம்.

2022இல் என் கொழுந்தன் ‘சின்ன யானை’ என்கிற சிறிய சரக்கு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்க நினைத்தார். வங்கியில் கடனுக்கு அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் போட்டால் எளிது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்து, தேங்காய் எண்ணெய் மணக்க, முழுக்கைச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பதில் அந்த நொடியே தெரியும். வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டால் அது என் கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். மகனின் படிப்புக்கு நான் கடன் கேட்டுப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 29 மாதங்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது, “பார்க்கலாம் தம்பி.”

அந்தச் சொல்லுக்கு ‘இல்லை’ என்று பொருள் என்பது அவருக்கும் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தமிழர் எல்லோருக்கும் தெரியும்தானே? தெரியாது என்பதுதான் சிக்கல். ‘பார்க்கலாம்’ என்பதைச் சொல்கிறவர் ஒரு பொருளில் சொல்கிறார். தேவையில் இருப்பவர் வேறொரு பொருளில் கேட்கிறார். வயிறு காய்ந்தவனுக்குச் சமையலறையில் எந்தப் பாத்திரச் சத்தம் கேட்டாலும் சோற்றுப் பானை இறங்குவதாகத்தான் தோன்றும். அவர் மதுரையில் வண்டிக்காரரிடம் 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்து ஒரு மாதக் கெடு கேட்டுவிட்டார். நான் அடுத்த வாரம் சம்பளச் சான்று இன்னும் வரவில்லை என்றேன். அதற்கடுத்த வாரம் தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார் என்றேன். அவர் அன்று பள்ளியில்தான் இருந்தார். மூன்றாவது வாரம் கைபேசி அடித்தபோது எடுக்கவில்லை. தானாகவே புரிந்துகொண்டு போய்விடுவார் என்று காத்திருந்தேன். கெடு முடிந்து, வண்டி வேறொருவருக்குப் போய், முன்பணத்தில் பத்தாயிரம்தான் திரும்பி வந்தது என்று கேள்விப்பட்டபோதுகூட எனக்கு உடனே தோன்றியது வருத்தமல்ல. தப்பித்தோம் என்ற நிம்மதிதான். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். சண்டையை எதிர்பார்த்துப் போன எனக்குக் கொழுந்தன் அமைதியாக இருந்தது பயமாக இருந்தது. மாலையில் கொல்லைப்புறத்தில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து துவைகல்லில் உட்கார்ந்தார். “மதினி, நீங்க கையெழுத்துப் போடலைன்னு எனக்குக் கோவம் இல்ல. உங்களுக்கு ஆன கதை எனக்குத் தெரியாதா? அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே வேற ஆளப் பாத்திருப்பேன். இருபத்தாறு நாள் உங்களையே நம்பி உக்காந்திருந்தேன்” என்றார். சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இருபத்தாறு என்று அவர் எண்ணி வைத்திருந்தார். எனக்கு அது மூன்று நான்கு தொலைபேசி அழைப்புகள். அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள். அதுவரை நான் இந்தக் கதையில் என்னைப் பாதிக்கப்பட்டவளாகவே வைத்துப் பார்த்துவந்தேன்: நான் ஏமாந்தவள், என் சம்பளம் போனது, என் மென்மையை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தக் கொல்லைப்புறத்தில்தான் முதன்முறையாக, என் மென்மையால் இன்னொருவர் முப்பதாயிரம் ரூபாய் இழந்திருக்கிறார் என்பது உறைத்தது. மென்மை என்ற சொல்லே அதற்குப் பொருந்தாது. நான் அவர் மனம் நோகக்கூடாது என்று பார்க்கவில்லை. அவர் மனம் நோகும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடம் எனக்கு வரக்கூடாது என்றுதான் பார்த்தேன். அந்த அரை நிமிடத்துக்கு விலையாக அவருடைய இருபத்தாறு நாள்களைக் கொடுத்தேன்.

2016இல் அந்தச் சக ஆசிரியருக்குக் கையொப்பமிட்டதும் இதே அரை நிமிடத்துக்குப் பயந்துதான் என்பது பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து புரிந்தது. அதை நட்பு என்று பெயரிட்டு வைத்திருந்தேன். வழக்குப் போடாததும் பெருந்தன்மை இல்லை. நீதிமன்றத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை.

மாட்டேன்

திருக்குறளில் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் கண்டும் அதை உண்டு அமைவார்கள், விரும்பத்தக்க நாகரிகம் வேண்டுபவர்கள் என்பது அதன் கருத்து. பிடித்தம் தொடங்கிய ஆண்டில் அதை நடத்தும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் அந்த நாகரிகத்தைச் சேர்ந்தவள் என்று ஓர் இரகசியப் பெருமையும் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு குறள் முன்னால், 578ஆம் குறளில், தம் கடமை கெடாதபடி இரக்கம் காட்ட வல்லவர்க்கே இவ்வுலகம் உரிமையாகும் என்று அவரே சொல்லிவிடுகிறார். ‘கருமம் சிதையாமல்’ என்ற அந்த இரண்டு சொற்களை நான் இத்தனை ஆண்டுகள் சாய்ஸில் விட்டிருக்கிறேன். அந்த அதிகாரம் அரசியல் என்ற இயலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசனுக்குக் கருவூலம் உண்டு. நஞ்சைக் குடித்தாலும் மருத்துவர்கள் அரண்மனையிலேயே இருப்பார்கள்.

அதைவிட எனக்கு உதவியது இலக்கணம். மாட்டேன் என்ற சொல்லை நாம் பிடிவாதத்தின் சொல்லாகக் கருதுகிறோம். குழந்தை சொன்னால் அதட்டுகிறோம், மருமகள் சொன்னால் ஊர் கூடிவிடும். ஆனால் மாட்டுதல் என்றால் பழைய தமிழில் இயலுதல். மாட்டேன் என்றால் என்னால் இயலாது. ‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழியில் அந்தப் பழம்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவள் ஆட மறுத்தவள் அல்லள், ஆடத் திறமில்லாதவள். ஆகவே தமிழில் மறுப்பதற்கென்று வைத்திருக்கும் சொல்லின் அடியில் கிடப்பது திமிரன்று, தன் அளவைப் பற்றிய ஓர் ஒப்புதல். கூடம் கோணல், சம்பளச் சான்று வரவில்லை, அவரைக் கேட்க வேண்டும் என்று நான் அடுக்கியதெல்லாம் அந்த ஒப்புதலைச் செய்யாமல் இருப்பதற்கான வழிகள்தாம். கொழுந்தனிடம் ‘என்னால் இன்னொரு 29 மாதங்களைத் தாங்க இயலாது’ என்று சொல்வதில் எனக்கு என்ன கௌரவக் குறைவு வந்திருக்கும்?

இப்படியெல்லாம் யோசித்து ஒரு தெளிவுக்கு வந்த பிறகும் ஒரு முள் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2011இல் நாங்கள் வீட்டு மனை வாங்கியபோது அதே சங்கத்தில் எனக்காக இரண்டு பேர் கையொப்பமிட்டார்கள். ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் எதிர்ப்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாரா, பயந்தாரா, வீட்டில் அதற்காக ஏச்சு வாங்கினாரா என்று நான் கேட்டதே இல்லை. அன்று அவர்கள் இருவரும் என்னைப் போல ‘முடிவு பண்ணியிருக்கேன்’ என்று சொல்லியிருந்தால் இந்த வீடு இல்லை. எல்லோரும் மாட்டேன் என்றால் அந்தக் கணித ஆசிரியைக்கு யார் ஜாமீன் நிற்பது? வட்டிக்காரரிடம்தான் போவார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. திரும்பி வராவிட்டாலும் நான் மறந்துவிடக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடுவது, கையொப்பம் இடுவதில்லை என்று எனக்கு ஓர் அளவு வைத்திருக்கிறேன். அந்த ஆசிரியையிடமும் மறுநாள் பத்தாயிரம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் எங்கள் மேசையில் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறார், ஆனால் குழம்பைப் பகிர்ந்துகொள்வதில்லை. வேறு யாரோ இருவர் கையொப்பமிட்டுக் கடன் கிடைத்துவிட்டதாகக் கேள்வி. அந்த இருவரின் பெயரை நான் விசாரிக்கவில்லை.

மண்டபம்

போன வாரம் அந்தப் பழைய சக ஆசிரியரின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அஞ்சலில் வந்திருந்தது. போக வேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். போனேன். மொய் எழுதும் மேசைக்குப் போகும் வழியிலேயே அவர் என்னைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். முடி முழுவதும் நரைத்திருந்தது. “டீச்சர், உங்க பணத்தை மறக்கல. இந்தக் கல்யாணம் முடியட்டும், அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார்.

நான்கைந்து ஆண்டுகளாக நடுவில் இருப்பவர்கள் மூலம் வந்துகொண்டிருந்த அதே பதில்தான். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு, அடுத்த மாதச் செலவுக் கணக்கில் ஓர் ஓரமாக அந்தத் தொகையை எழுதி, பிறகு அடித்து வைத்திருக்கிறேன். நாகஸ்வரக்காரர்கள் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். “சார், பார்க்கலாம் வேண்டாம். முடியுமா, முடியாதான்னு மட்டும் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேடையில் மகளையும், வாசலில் வந்துகொண்டிருந்தவர்களையும் பார்த்தார். நான் எதுவும் பேசாமல் நின்றேன். அந்த அரை நிமிடம் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு என் கைகளை விட்டுவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில், “முடியாது டீச்சர்” என்றார்.

“சரி சார்” என்றேன். மொய் மேசையில் என் பெயரைச் சொல்லி ஐந்நூற்றொரு ரூபாய் எழுதச் சொன்னேன். பந்தி தொடங்கியிருந்தது, அவரே வந்து எனக்கு இலையில் தண்ணீர் தெளித்தார்.